சொத்தின் மதிப்பு

விடிகாலை மூன்றே கால்.
முழங்கால் வரை சேறோடு வைரக்கண்ணுவைக்
கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.
கோரையாற்றுக் கிளைவாய்க்கால் மதகில்
பூட்டை நெம்பிப் பலகையை ஒரு சாண் தூக்கிவிட்டாராம்.
புகார்தாரர் ஒப்பிலாமணி
வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து
கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் இந்த ஸ்டேஷனின் ரைட்டர்.
பதினேழு வருடமாக
மனிதர்கள் செய்ததை எடுத்து
சட்டம் அடுக்கிவைத்த பெட்டிகளில் போடுகிறேன்.
செய்தது புதுவெள்ளம் மாதிரி குப்பையும் கூளமுமாக வரும்.
பெட்டி சின்னது.

முதலில் கை. பிறகு மனம்.
இரண்டும் ஒரே நேரம் ஒரே இடத்தில் நின்றாக வேண்டும்.
போன ஐப்பசியில் ரேஷன் கடை வாசலில்
தன் குடையென்று நினைத்து
அடுத்தவர் குடையை விரித்துப் போனாள் சுலைகா.
கை இருந்தது, மனம் இல்லை. அனுப்பிவிட்டோம்.
தம்பியை வெட்டிப்போடுவதாக
மூன்று வருடமாய் நெஞ்சுக்குள் அரிவாள் தீட்டும் ஒருவர்
தினமும் எதிர்க்கடையில் டீ குடிக்கிறார்.
மனம் இருக்கிறது, கை வரவில்லை.
அவருக்கு நான் வணக்கம் சொல்கிறேன்.

"தூக்குனீங்களா?"
"தூக்குனேன்."
"எதுக்கு?"
"செவ்வாக்கெழம என் மொறைங்க.
லஸ்கர் மச்சினி கல்யாணத்துக்கு நீடாமங்கலம் போயிட்டாரு,
சாவியோட.
நாத்து வெளுத்துப்போச்சு."

திறக்க வேண்டியவர் திறக்காமல் போனதற்கு
பெட்டி தேடினேன்.
ஒன்றும் செய்யாதிருப்பதும் சிலநேரம் குற்றம்தான்.
ஆனால் அதில் சேறு ஒட்டுவதில்லை,
காலைப் பார்த்துப் பிடிக்க முடியாது.

திருட்டு என்று போடலாமா?
ஓடுகிற தண்ணீர் அந்த நேரம் யார் கைவசம் இருந்தது?
அப்படியே போட்டாலும் ஐயாயிரத்துக்குக் கீழே என்றால்
மாஜிஸ்திரேட் சொல்லாமல் நாங்கள் தொட முடியாது.
பாசனத்துக்குக் கேடு என்றால்
ஐந்து வருடம் வரை போகும்.
அதே பலகை, அதே சாண்.
எந்தப் பெட்டி என்பதில் இருக்கிறது
எத்தனை வருடம் அவர் மன்னார்குடி கோர்ட்டுக்கு
பஸ் ஏறுவார் என்பது.

"தண்ணி வயலுக்கு வந்துச்சா?"

அப்போதுதான் தலை நிமிர்ந்தார்.
"எங்கங்க வந்துச்சு. நண்டு வளை.
வரப்பு பொத்துக்கிட்டு
அம்புட்டும் ஒப்பிலாமணி வயலுக்கே போயிட்டுது."

வெளியே கொட்டாவி நின்றது.

எழுதினேன்: மேற்படி நீரானது நண்டு வளை வழியாக
புகார்தாரரின் நிலத்தையே சென்றடைந்தது.
எஸ்.ஐ. நிஜாமுதீன் படித்துவிட்டுச் சொன்னார்:
"நண்டை எடுங்கம்மா. அது மேலயா கேஸ் போட?"
நியாயம்தான்.
இருட்டில் துளையிட்டு,
ஒருவர் முறைத் தண்ணீரை இன்னொருவருக்கு மாற்றிவிட்டு,
கொடுக்கை மடக்கி உள்ளே உட்கார்ந்திருக்கிறது.
அதற்கு மனம் இருந்ததென்று
யார் வந்து கூண்டில் ஏறுவது?
அடித்தேன். பேனா தாளைக் கொஞ்சம் கிழித்தது.

ஒப்பிலாமணி உள்ளே வந்தார்.
"வாபஸ் வாங்கிக்கலாங்களா?"

சில குற்றம், அடிபட்டவர் மன்னித்தால் தீரும்.
சிலது அவர் மன்னித்தாலும் தீராது,
அரசாங்கத்துக்கும் அடிபட்டதாகக் கணக்கு.
மதகு அரசாங்கத்துடையது.
அரசாங்கத்தைத் தேடினேன்.
சாவியோடு நீடாமங்கலம் போயிருந்தது.

வெளுத்துவிட்டது.
வைரக்கண்ணுவின் காலில் சேறு காய்ந்து
தரையில் செதில் செதிலாய் உதிர்கிறது.
சொத்தின் மதிப்பு என்ற கட்டம் மட்டும் பாக்கி.
"ஒரு சாண் தண்ணி, நாலு மணி நேரம்.
என்ன பெறும்?"
இருவரையும் பார்த்துத்தான் கேட்டேன்.
ஒப்பிலாமணி ஏதோ தொகை சொல்ல வாயெடுத்து
மூடிக்கொண்டார்.

"எந்த மாசத்துலங்க?"
என்றார் வைரக்கண்ணு.